சிட்டாவில் பேர் இல்லாத நெல்

கம்ப்யூட்டர் எதுக்குச் 'சரி' சொல்லணும், எதுக்கு 'முடியாது' சொல்லணும்னு எழுதி வைக்கிறதும், எழுதினதைக் காவல் காக்கிறதும்தாங்க என் தொழில். "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது" என்ற பதிலைக் கேட்டு கவுன்ட்டரில் நின்று நொந்த சக ஜீவன்களே, நீங்கள் திட்டிய திட்டில் பாதி எனக்கு வர வேண்டியது. தஞ்சாவூரில் எங்கள் கம்பெனி சின்னதுதான். ஆனால் டெல்டாவில் நெல் வாங்கும் சில உழவர் குழுக்கள் எங்கள் மென்பொருளில்தான் ஓடுகின்றன.

அநாதை விதிகள்

நான் சேர்ந்தபோது விதிகளெல்லாம் புரோகிராமுக்குள் கண்டபடி புதைந்து கிடந்தன. யார் எழுதியது, ஏன் எழுதியது, ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு விதிக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு காரணம். திருத்தினால் பழையதும் பத்திரமாக இருக்கும். எழுதியவரே ஒப்புதல் தர முடியாது, இன்னொருவர் பார்த்தாகணும். பிராணனை வாங்கிய வேலை. மேனேஜர் ராமநாதன் சார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வரிக்கு இத்தனை சம்பிரதாயமா? கல்யாணமே சீக்கிரம் முடிஞ்சுடும்மா."

அணைச்சு வைங்க

குறுவை அறுவடை சமயம். நீடாமங்கலம் பக்கத்துக் களத்தில் எடை போடும் செல்வராஜ் போன் செய்தார். மல்லிகா என்ற அம்மாவின் நெல்லை சிஸ்டம் ஏற்கவில்லையாம். நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவில் இருக்கும் பேரும் விற்பவர் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. விவசாயி பேரைச் சொல்லி வியாபாரி நெல்லைத் தள்ளக் கூடாதென்று வைத்தது. மல்லிகா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். சிட்டா, சிங்கப்பூரில் இருக்கும் நிலக்காரர் பேரில்.

நெல் திறந்த களத்தில் கிடக்கிறது, வானம் கறுத்துவிட்டது. நனைந்தால் முளை விட்டுவிடும், ஒரு போகத்துப் பாடும் போச்சு. விதியைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என்றார் செல்வராஜ். அணைத்தால் எல்லாக் களத்திலும் அணையும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "அதையும் சொல்லிடறேங்க. அந்தம்மாவுக்குப் பின்னாடியே ஒரு வியாபாரி லாரி நிக்குது. அணைச்சா அதுவும் உள்ள வந்துடும்."

பொறுப்பாளர் நான்தான்

விதியைத் திறந்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பேர். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டு நிலமே குத்தகையில்தான் இருக்கிறது. சிட்டா அப்பா பேரில், பாடுபடுகிறவர் வேறொருவர். வருஷா வருஷம் அந்த நெல்லைச் சாப்பிட்டும் எனக்கு உறைக்கவில்லையே! வெட்கமாக இருந்தது.

சிட்டாவில் பேர் இல்லாவிட்டால், இன்னார்தான் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தந்த அடங்கல் சான்று போதும் என்று திருத்தினேன். அது மல்லிகாவின் கைப்பையிலேயே இருந்தது. பழைய விற்பனைகளை வைத்துச் சோதித்தேன், தப்பு எதுவும் வரவில்லை. ராமநாதன் சார் சாப்பாட்டில் இருந்தார். எச்சில் கையோடு முழுதும் படித்து, இடது கையால் ஒப்புதல் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷம். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை பிடித்தது. லாரி வந்த வழியே திரும்பியது. மற்ற களங்களிலும் குத்தகைக்காரர்கள் அன்றைக்கே விற்றார்கள். பெருமையாத்தாங்க இருந்தது, இப்பவும் இருக்கு.

செல்வராஜ் போனை மல்லிகாவிடம் கொடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். "நல்லா இருங்கம்மா. ஆனா, மொதல்ல எழுதுறப்பவே எங்கள மாதிரி ஒருத்தரக் கேட்டிருக்கலாம்ல?"

இப்போதெல்லாம் களத்து விதி எதுவானாலும் மல்லிகா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஓடும். ராமநாதன் சாரைச் சமாளித்துவிடலாம், அந்தம்மாவிடம் ஒப்புதல் வாங்குவதற்குள்தான் எனக்கு வியர்த்துவிடுகிறது.