ஆஷாடத்தில் கொடுத்த சாவி

பத்திரம் பதிவதற்கு முன்னால் வாங்குகிறவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஊருக்கு நல்லவராக இருப்பதில் அவருக்குத் தனி ருசி.

தெலுங்கு ஊரில் இருந்த எங்கள் குஷாய்குடா வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளிடம் போய்விடுவது என்று முடிவு செய்து, சாமான்களோடு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைப் போர்ஷனுக்கு வந்திருந்தோம். வாங்க வந்தவள் அங்கேயே பக்கத்துப் போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வாழ்க்கைப்பட்டது தெலுங்குக் குடும்பத்தில். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிய கையோடு நம் ஆடிக்கு முன்பே, நல்ல காரியம் செய்யாத ஆஷாட மாதம் அவர்களுக்குப் பிறந்துவிட்டது. அது முடிகிறவரை பதிவு கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம்.

"ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும்தான் நக்கோங்கறாங்க ஆன்ட்டி. இடிக்கிற வேலைய இப்பவே ஆரம்பிச்சுக்கட்டுமா? ஸ்ராவணத்துல வரலட்சுமி பூஜைய அந்த வீட்லயே பண்ணணும்னு ஆசையா இருக்கு," என்றாள்.

"இடிக்கறதுக்கு என்னம்மா நல்ல நாள், கெட்ட நாள்?" என்று இவர் சாவியை எடுத்து நீட்டினார். வழியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்மட்டிச் சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. நிறுத்திய பிறகும் கேட்பது போலிருந்தது. பால் வாங்க, கொத்தமல்லி வாங்க, ஒன்றும் வாங்காமலும் அந்தப் பக்கம் போய் வந்தேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர் போயிற்று. குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டார்கள். பாங்கில் கடன் கொடுக்க மாட்டேன் என்றால்? நாளைக்கே அவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால், இந்த இடிபாட்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? இவரிடம் கேட்டால், "நீ சும்மா இரு," என்பார். சும்மா இருக்கிற ஜாதகம் எனக்கில்லை.

அந்தப் பெண்ணோ என்னைப் பார்த்தவுடன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போவாள். ஆபீஸ் முடிந்து நேரே வந்து, துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு சுண்ணாம்புத் தூசியில் நிற்பாள். சுவர் போனதில் கொல்லைப்புறத்து வெளிச்சம் வாசல்வரை வந்தது. அத்தனை வருஷமும் நான் இருட்டில் புழுங்கிக்கொண்டு சமைத்த இடம். பொறாமையாக இருந்தது. ஆனாலும் அவளைப் பிடித்துப்போயிற்று. பத்திரம் கையில் இல்லாமல் இப்படி வீட்டை இழைக்கிறாளே இந்தப் பைத்தியம் என்று, என் கவலை அவள் பக்கம் சாய்ந்தது.

புதுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த வாரம் ஒரு புரோக்கர் வந்தார். வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடுதி வைக்க யாரோ வீடு தேடுகிறார்களாம். திறந்து கிடந்த எங்கள் வீட்டை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சுவரை எடுத்ததில் ஹால் பெரிதாகிவிட்டது, பாத்ரூமும் புதுசு, இப்போது இதன் விலையே வேறு என்றார். அவள் காசைப் போட்டு அவள் செய்த வேலை. அது அவளுக்கே எதிராக விலையை ஏற்றிவிட்டிருந்தது.

புரோக்கர் போனதும் இவர் பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கெடு தேதியைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே வயசான மனிதர். கெடு ஆடிக்குள்ளேயே முடிகிறது என்று எனக்கும் தெரியும். அது தாண்டிவிட்டால் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

ஆஷாடம் முடிந்த மறுநாள் அந்தப் பெண் மாமியாரோடு வந்தாள். இந்த வாரமே பதிந்துவிடலாம் என்றாள்.

"உங்களுக்கு ஆஷாடம்னீங்க, நாங்க மதிச்சோம். இப்ப எங்களுக்கு ஆடிம்மா. ஆவணி பொறக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் இவர்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"அதுக்குள்ள அக்ரிமென்ட் டேட் முடிஞ்சிருமே அங்கிள்?"

"பேப்பர்ல என்னம்மா இருக்கு? என் வார்த்தை போதாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஷாடம் என்று காத்திருக்க வைத்தவர்கள், ஆடி என்றால் எந்த வாயால் மறுப்பார்கள்? அவள் நகக்கண்ணில் இன்னும் வெள்ளைச் சிமென்ட் இருந்தது. கையிலிருந்த காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

"அந்த வீட்டை நாங்க வாங்கினதே ஆடியிலதான்," என்றேன். "ஆடியில எவனும் வர மாட்டான், குறைச்சுக் கேக்கலாம்னு இவர்தான் நாள் பாத்தார்."

மாமியாருக்குத் தமிழ் தெரியாது. "ஏமன்டுன்னாரு?" என்று மருமகளிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். இவருக்கும் நல்ல தெலுங்கு தெரியும். தரையைப் பார்த்தபடி இரண்டாவது முறையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரி எப்புடு?" என்று, அப்படியானால் எப்போது என்று, அந்த அம்மாள் கேட்டார். இவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது; என் கையெழுத்து இல்லாமல் இவர் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. "வியாழக்கிழமை," என்றேன்.