கன்னத்துக்குள் ஒரு கேபிள் தொப்பி

பொறாமைக்கு என்ன ருசி என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். பழைய சாவியை வாயில் போட்டுச் சப்பினால் ஒரு ருசி வருமே, அதுதான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கால் மணி நேரம் அதைக் கன்னத்தில் அடக்கிவைத்திருந்தவன் நான்.

அதற்கு முன்புவரை எங்கள் வீட்டு விஞ்ஞானி நான்தான். டிவி ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் படம் தெளியும் என்பது குடவாசலிலேயே எனக்கு மட்டும் தெரிந்த வித்தை. பெரியப்பா கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்புடா ராசா" என்று கெஞ்சுவார். பெரியப்பா மகன், அதாவது அண்ணன், உரக்கடை மாடியில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தான். என் ராஜ்ஜியம் அன்றோடு முடிந்தது. படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டினாலும் பெரியப்பா இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசும்னியே, அதைச் சொல்லு" என்பார். அவனும் சொல்வான். அனுப்ப ஒருத்தர், வாங்க ஒருத்தர், நடுவில் ஒரு வழி, இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு. பாடம் இவ்வளவுதான். இதற்குப் போய்ப் பெரியம்மா அவனுக்கு இரண்டு முட்டை வைப்பார், எனக்கு ஒன்று.

இந்த நிலையில் சிங்கப்பூரிலிருந்து மாமா லீவில் வந்தார். அண்ணனுக்குப் பித்தான் அழுத்தினால் ஒளிரும் கால்குலேட்டர். எனக்குத் தொப்புள் தெரிகிற அளவில் ஒரு டி-ஷர்ட். அவருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்கத் தெரிந்த பையன் வேண்டுமாம். "பேச்சு வேணாம் மாப்ள. எனக்கு நேர்ல செஞ்சு காட்டு. தேறுச்சுன்னா உன்னைக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு" என்றார். பெரியப்பாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை. எனக்கும் இல்லை, காரணம்தான் வேறு.

மறுநாள் காலை நால்வரும் உரக்கடை மாடி ஏறினோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் ஏசி அறைக்குள் போனோம். ஆளுக்கொரு மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். நடுவே சுவரோரமாக ஒரு கறுப்புக் கேபிள். அண்ணன் மாமாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட நேரத்தில், இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் முடிகிற இடத்தில் நாவல்பழ அளவில் ஓர் உலோகத் தொப்பி பளபளத்ததைப் பார்த்தேன். அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை. சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவனிடம் இருப்பதில் ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று ஒரு திருகு திருகினேன். கையோடு வந்துவிட்டது.

டி-ஷர்ட்டில் பை கிடையாது. டவுசர் பையில் ஓட்டை. மாமா திரும்பினார். தொப்பி வாய்க்குள் போயிற்று.

அண்ணன் கீபோர்டில் ஒரு வரி தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினான்.

"என்ன மாப்ள, ரெண்டுக்கும் சண்டையா? நானும் உங்க அத்தையும் இப்படித்தான், ஒரே வீட்ல இருந்தும் பேசிக்க மாட்டோம்" என்றார் மாமா. பெரியப்பா சிரிக்கவில்லை. தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அந்த ஏசியிலும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழகுக்கு வைத்த சாமான் இல்லை. போலீஸ் வரும், கைரேகை எடுப்பார்கள், என் நாக்கின் ரேகையையும் எடுப்பார்கள் என்று மளமளவென்று கற்பனை ஓடியது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கினால் தொப்பியும் போய்விடும்.

"நீ ஏன்டா உம்முனு நிக்கிற?" என்றார் மாமா.

"ம்ம்" என்றேன்.

அண்ணன் கேபிளைத் தடவிக்கொண்டே வந்து, மொட்டையாக நின்ற முனையில் நின்றான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் கன்னத்தைப் பார்த்தான். பிறகு மாமா பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னான்: "வயலுக்கு வாய்க்கால் மட்டும் இருந்தாப் பத்தாது மாமா, வடிகாலும் வேணும்ல. கேபிளும் அப்படித்தான். முனையில ஒரு தொப்பி இருக்கும், வந்த சிக்னலை அது வாங்கிக்கும். அது இல்லேன்னா போனது முட்டித் திரும்பி, பின்னாடி வர்றதையும் கெடுத்துரும். கூட்டும்போது யாரோ தட்டி விட்டிருக்காங்க. தம்பி, மேஜைக்கு அடியில பாருடா."

தவழ்ந்து போனேன். துப்பினேன். டி-ஷர்ட்டில் துடைத்தேன். "கெடைச்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன்.

"புள்ளைக்கு என்ன கண்ணு பாருங்க!" என்றார் பெரியப்பா. திருட்டுக்குப் பாராட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் தொப்பியை மாட்டினான். என்னை இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போய்த் தட்டினான். என் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து நின்றது: "தம்பி, நல்லாத் துடைச்சியா?"

"என்ன வந்திருக்கு? சத்தமாப் படி" என்றார் மாமா.

"வணக்கம் மாமான்னு வந்திருக்கு."

"வந்துச்சுன்னு பதில் அடிடா" என்றான் அண்ணன். "பதில் வரலேன்னா போய்ச் சேரலைன்னுதான் அர்த்தம். அனுப்புனவன் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கணும்."

நான் அடிக்கவில்லை. காப்பாற்றியவன் மேல் வருகிற பொறாமை இன்னும் கொஞ்சம் கசப்பு. அதே வரி மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. "போதும் மாப்ள, நல்லாப் பேசுது" என்று மாமா எழுந்துவிட்டார்.

அந்தத் தை மாதமே அண்ணன் சிங்கப்பூர் போனான். பெரியப்பாவுக்கு வரும் கடிதம் தனி. என் பெயருக்கே ஒரு கடிதம் தனியாக வரும். ஆன்டெனாவை இப்போது யார் திருப்புகிறார்கள், ஸ்கூலில் என்ன நடக்கிறது என்று கேட்டிருப்பான். நான் பதில் போடவில்லை. அடுத்த மாதமும் அதே கேள்விகள், மேலே ஒரு வரி கூடுதலாக: "போன கடிதம் கிடைத்ததா?" அதற்கடுத்த மாதமும் அப்படியே. கேட்டதையே கேட்கிறான், சிங்கப்பூர்ப் பெருமையைக் காட்டத்தான் இவ்வளவு கடிதமும் என்று நினைத்தேன். ஸ்டாம்பை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தோ ஆறோ வந்திருக்கும். ஒரு மாதம் தபால்காரர் பெரியப்பாவின் கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு, "உனக்கு இல்லடா" என்று சைக்கிளைத் திருப்பினார். ஒருவழியாக அனுப்பி அனுப்பி அலுத்து அண்ணன் தோற்றுவிட்டான் என்று குதித்துக்கொண்டு ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஓடினேன்.