ஆன்லைனில் ஒரு முதுகலை

நூலக அறிவியலில் முதுகலை படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது என் கணவர், "புக்கு அடுக்கறதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்டார். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. குமணன்சாவடிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகத்தில் நான் உதவியாளர். நூலகர் ஓய்வுபெற்றுப் போன பிறகு அவருடைய இடத்துக்கு யாரையும் போடவில்லை. எல்லா வேலையையும் நான்தான் பார்த்தேன். மேற்படிப்பு மட்டும் இருந்தால் அந்தப் பதவி உனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பினேன்.

ஆன்லைனில் சேர்ந்தேன். காலையில் கொரட்டூரிலிருந்து கிளம்பி, அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் மாறி, கல்லூரி முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். எனக்கு இருந்தது சனியும் ஞாயிறும்தான். வகுப்பும் அப்போதுதான். பேராசிரியரின் முகம் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்குத் தெரியும். "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்பார். யாராவது ஒருவர் ஆமாம் என்று எழுதினால் போதும், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசிப்பார். ஒரு புத்தகம் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று பார்த்து அதற்கு எண் போடுவது பக்கத்தில் உட்கார்ந்து செய்து பழகவேண்டிய வேலை. அவரோ தடியான விதிப்புத்தகத்தை விரித்துக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பார். எங்களுக்கு அவருடைய விரல்கள்தான் தெரியும்.

எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி மட்டும் விடாமல் சந்தேகம் கேட்பாள். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ஒருநாள் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று மாலையே போன் செய்தாள். ஆவடியில் ஒரு தனியார் பள்ளியின் நூலகத்தில் வேலை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவள். அதிலிருந்து நான் சப்பாத்திக்கு மாவு பிசைய, அவள் துணி மடிக்க, ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் படித்தோம். அந்த ஆறு மாதத்தில் நான் கற்றது என்று ஏதாவது இருந்தால் அது அப்படிக் கற்றதுதான்.

முதல் பருவத் தேர்வை வீட்டில் உட்கார்ந்து, கேமரா பார்த்துக்கொண்டிருக்க எழுதவேண்டும். கணவரையும் மகளையும் அவர் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பாதி எழுதியிருப்பேன். தெருவில் வெங்காய வண்டி வந்து நின்றது. ஒலிபெருக்கியில் விலை சொல்லிச் சொல்லிக் கூவியது. அறையில் வேறொருவர் பேசுகிறார் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இடத்தைவிட்டு எழுந்ததாக இன்னொரு எச்சரிக்கை. வண்டி நகரவில்லை. மூன்றாவது எச்சரிக்கையோடு தேர்வு தானாகவே மூடிக்கொண்டது. யாரிடம் போய் முறையிடுவது? ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. உங்கள் புகார் கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தத் தாளை அடுத்த பருவத்தில் திரும்ப எழுதினேன்.

ஆவடிக்காரி அந்தத் தேர்வோடு விட்டுவிட்டாள். "எனக்கு இது படிப்பாவே தெரியலக்கா. வேலைய விட்டுட்டு ரெகுலர்ல சேரப்போறேன். நீங்களும் வாங்களேன். நான் ஆவடில ஏறுவேன், நீங்க கொரட்டூர்ல ஏறிக்கலாம். ஒரே ட்ரெயின்."

அந்த ஒரே ட்ரெயின் என்ற வார்த்தை என்னை ஆட்டிவிட்டது. மறுநாளே கல்லூரி முதல்வரிடம் போய்ச் சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"எதுக்கும்மா லீவு? சட்டப்படி ரெண்டு டிகிரியும் ஒண்ணுதான். நீ போயிட்டா லைப்ரரிய யார் பாக்கறது? இங்க இருந்துகிட்டே ஆன்லைன்ல முடி. முடிச்சதும் அந்தப் போஸ்ட் உனக்குத்தான்."

இருந்தேன். முடித்தேன். சான்றிதழை நகலெடுத்துக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். பல மாதம் பார்த்தார்கள். பிறகு கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்ய ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்ததும் நூலகர் வேலைக்கு விளம்பரம் போட்டார்கள்.

நேர்காணலுக்குக் காத்திருந்தவர்களில் ஆவடிக்காரியும் இருந்தாள். அதற்கு முன் அவளை நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்கன்னு தெரியும்க்கா. அப்ளை பண்ணாம இருக்க முடியல. ரெகுலர்ல படிச்ச ரெண்டு வருஷமும் சம்பாத்தியம் இல்லன்னு வீட்ல பேச்சு" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

உள்ளே, வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் என் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். "வகுப்புக்கே போகாம நூலகம் எப்படிப் படிச்சீங்க?" என்றார். முதல்வர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல வருடமாக இந்த நூலகத்தில்தான் வேலை செய்கிறேன் என்றேன். "அது அனுபவம்மா. நான் படிப்பைக் கேக்கறேன்" என்றார்.

அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல்வர் அறைக்குப் போய், "நீங்கதானே சார் ஆன்லைன்ல முடின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உன் வசதிக்குத்தானேம்மா சொன்னேன்" என்றார்.

வெளியே வந்தபோது எங்கள் அட்டெண்டர், "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, புது நூலகருக்குச் சாவிகளை எடுத்து வைத்தேன்.

முதல் சில வாரங்கள் அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்று கூப்பிட்டால், சொல்லுங்க மேடம் என்பேன். அவள் முகம் சுருங்குவது எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் மதியம் அவளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தப் படிச்சேன்னு நினைக்கறீங்க? பாதி இடத்துக்கு அங்க வாத்தியாரே கிடையாது. தற்காலிகமா வந்தவரு பரீட்சைக்கு முன்னாடி போயிட்டாரு. அங்கயும் கடைசில பி.டி.எஃப்.தான் அனுப்புனாங்க. நீங்க படிச்ச அதே பி.டி.எஃப். அதுக்கு நான் தினம் ட்ரெயின்ல தொங்கிட்டுப் போனேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் இறங்கவில்லை. அதே பாடம், அதே தாள்கள். இருந்தும், அவளோடு படித்தவர்கள் ஆறு பேர் இன்னும் மாதம் ஒருமுறை சந்திக்கிறார்கள் என்றாள். கேன்டீனில் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்த கதைகளைச் சொன்னாள். இவளைத் தவிர, என் வகுப்பில் படித்த யாரையும் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

ஆய்வுக் குழு வந்தது. அவளுடைய வகுப்பறைப் பட்டத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனது. அவர்கள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளை அட்மிஷன் வேலைக்கு மாற்றினார்கள். திருமழிசை, குத்தம்பாக்கம், திருவள்ளூர் என்று பள்ளிகளுக்குப் போய், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் கல்லூரியின் துண்டுப் பிரசுரத்தைக் கொடுக்கவேண்டும். இத்தனை பேரைச் சேர்க்கவேண்டும் என்று இலக்கும் உண்டு. ஒரு மாதம் வெயிலில் அலைந்தாள். ஒரு பள்ளியின் வாட்ச்மேன் அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்த அன்று மாலை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவளை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை போனேன். "ஆன்லைன்லயே முடிச்சிருந்தா பள்ளிக்கூட வேலையாவது இருந்திருக்கும்க்கா" என்றாள். என் இடத்தில் உட்கார்ந்தவள் என்ற கோபம் எனக்கு முழுதாகப் போயிருக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டு, பழையபடி நீயே பார்த்துக்கொள் என்றார். பதவியைப் பற்றிக் கேட்டேன். அடுத்த குழு வரும்போது யோசிக்கலாம் என்றார். வீட்டில் சொன்னதும் என் கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். "உட்டுட்டு வா. அவனுங்களுக்கு எதுக்கு நீ ஒழச்சிக்கினு கீற?"

விடவில்லை. பூந்தமல்லிப் பக்கம் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஓரிடத்தில் கூப்பிடவே இல்லை. இன்னோரிடத்தில், ஆன்லைன் என்றதும் விண்ணப்பத்தை வேறொரு அடுக்கில் வைத்தார்கள். ஆவடிக்காரி இப்போது வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குத் திரையில் பதில் எழுதுகிறாள். எப்போதாவது போன் செய்கிறாள். பிள்ளைகளைப் பற்றியும் அவள் ஃபிளாட்டின் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றியும் பேசுகிறோம். படிப்பைப் பற்றிய பேச்சை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.