பிரிக்காமல் போன பொட்டலம்

வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய சிறு பொட்டலம் ஒன்று, பிரிக்கப்படாமலே காவிரியின் கிளையாற்றில் மிதந்து சென்றது. நன்னிலத்துக்கருகில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் படித்துறையில் நின்று, வளைவில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு வெண்ணிற நந்தியாவட்டை இருந்தது. நான் படிக்காமல் போன மருத்துவம் அது.

அவ்வாண்டு புகுமுக வகுப்பில் தேறியிருந்தேன். மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது; கும்பகோணத்தில் வணிகவியலுக்கும் இடம் கிடைத்திருந்தது. அறுத்த தவளையின் இதயம் துடிப்பதைக் கண்டபோது எழுந்த வியப்பே, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நெல்விலை மாறுவதைக் காணும்போதும் எனக்கு எழும். அம்மா மருத்துவம் என்றார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் கைவிட்டுப் போகவிருந்த கவலையில், அப்பா நெல் மண்டி என்றார். பேசி முடியாததால் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் மருத்துவம், செவ்வரளி வந்தால் வணிகம். விவரம் அறியாத ஒருவரே பொட்டலத்தை எடுக்கவேண்டும் என்பது முறை.

விடியற்காலைச் சந்நிதியில் எங்கள் மூவரையும் குருக்களையும் தவிர இருந்தவர் ஒருவரே. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்த் தலைவர். கூலி உயர்வு கேட்டு எங்கள் வயலில் நடவை நிறுத்தி வைத்திருந்தவர். மேடையேறினால் கடவுள் இல்லை என்று முழங்குபவர். அவரை அங்கே கண்டதும் அப்பாவுக்கு உண்டான குதூகலத்தை என்னென்பது! முன்பு அவரை 'டா' போட்டு அழைத்த அப்பா, சங்கம் வந்தபின் 'ய்யா'வுக்கு மாறியிருந்தார்.

"என்னய்யா, தலைவரு இந்தப் பக்கம்?"

"வீட்டுக்காரி நேந்துக்கிட்டாங்க. நான் சும்மா எண்ணெய் தூக்கிட்டு வந்தவன்."

குருக்கள் இரு பொட்டலங்கள் வைத்த தட்டை அவரிடம் நீட்டி, ஒன்றை எடுக்கச் சொன்னார். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எதுக்குன்னு சொல்லுங்க, எடுக்குறேன்."

"சொல்லக் கூடாதுய்யா. அதான் முறை" என்றார் அப்பா.

"எதுக்குன்னு தெரியாம ரேகை வச்சுத்தான் எங்கப்பா குத்தகை நெலத்த விட்டாரு. தெரியாம எதையும் தொடமாட்டேங்க."

நானே விஷயத்தைச் சொன்னேன். எந்தப் பூ எதற்கென்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி டாக்டருக்கே படிக்கட்டுமே. மண்டி வச்சா நாளைக்கு இவருகிட்டயும்ல மல்லுக்கட்டணும்?"

"முறைதான் கெட்டுப்போச்சே, சட்டுனு எடும்யா" என்று குருக்கள் சிரித்தார்.

அப்போது தலைவர் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மிராசுதார் முன் துண்டை இடுப்பில் கட்டக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்பாவின் பக்கம் திரும்பாமல் சந்நிதியை நோக்கிக் கைகூப்பி, நெடுநேரம் கண்மூடி நின்று, ஒன்றை எடுத்தார். செவ்வரளி.

மண்டிக்காரன் ஆனேன். சில ஆண்டுகளில் அவருக்கு உச்சவரம்பு நிலத்தில் ஒரு பங்கு கிடைத்தது. சொந்த நிலத்தின் முதல் நெல்லை என் மண்டிக்கே கொண்டுவந்து, விலையில் பிடிவாதமாக நின்றார்.

"அன்னிக்கே சொன்னேன்ல, மல்லுக்கட்டணும்னு!"

விலை படிந்தபின், அன்று என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

"டாக்டர் பூதான் வரணும்னு. எம்பொஞ்சாதி அப்ப முழுகாம இருந்தா. பொறக்குற புள்ளைக்கு நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா ஊருல யாரு இருக்கா, சொல்லுங்க?"

"குழந்தை?"

"பொண்ணு. நல்லாத்தான் பொறந்துச்சு. ஆனா நான் கேட்டது கேட்டதுதானே? உங்க சாமிக்குக் காது கேக்கல. அதோட எண்ணெய் ஊத்துறத விட்டுட்டேன்."

பதிகங்களை ஓதியே முதுமை எய்தியவன் நான். இறைவனைக் குருடன் என்றும் செவிடன் என்றும் உரிமையோடு ஏசிய அடியார்களை அறிவேன். அவ்வரிசையில் இவரை எங்கே நிறுத்துவது என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

இன்றும் அந்தப் படித்துறைக்குச் செல்கிறேன். நான் எதை விரும்பினேன் என்று அன்று என்னையே கேட்டிருந்தாலும் விடை தெரிந்திராது. ஆற்றின் வளைவைப் பார்க்கும்போது அந்த வெள்ளைப் பூவின் நினைவோடு இதுவும் வரும்: என் படிப்புக்காக அன்று உண்மையில் கண்மூடி வேண்டியவர் அவர் ஒருவரே. சாமியை நம்பிச் சென்ற நாங்கள் மூவரும், கண்ணிமைக்காமல் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.