ஒரே படம் போட்ட இரண்டு பேர்

ஏசி மெக்கானிக்குக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனால் இன்டர்நெட் சென்டர் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். பிளைவுட் தடுப்பு, கால் நீட்ட இடமில்லாத ஸ்டூல், எழுத்தழிந்த கீபோர்டு. வேலை முடிந்ததும் கிரீஸ் வாசம் போகாத கையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

ஆண்களை விரும்பும் ஆண்கள் பேசிக்கொள்ள ஒரு சாட் ரூம் இருந்தது. அதில் நம்ம மாதிரி முகம் மருந்துக்குக்கூடக் கிடையாது. விளம்பரமெல்லாம் கட்டுடம்பு வெள்ளைக்காரர்கள். 'ஆசியாக்காரர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று சிலர் கூச்சமில்லாமல் எழுதியே வைத்திருந்தார்கள். அதனால் இவரும் எங்கேயோ பிடித்த ஒரு வெள்ளைக்கார மாடலின் படத்தைத் தன் படமாகப் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் அதே படத்தோடு இன்னொருவன் உள்ளே வந்தான். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், அது என் படம்," என்று தட்டினார்.

"அப்படியா சார்? அப்ப நான் யாரு?" என்று பதில் வந்தது.

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடுப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

பேசப் பேச இருவரும் ஒரே ஊர் என்று தெரிந்தது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தார்கள். வந்தவர் மருந்துக்கடைக்காரர், குள்ளம், கருப்பு, சட்டைப் பை நிறையப் பேனா. "படத்துல இருக்கறவனை விட நீங்க நல்லா இருக்கீங்க," என்றார். தன் முகத்தைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை மெக்கானிக் அதுவரை கேட்டதே இல்லை.

பிறகு ஒரே வீட்டில் குடியேறினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் 'ரூம்மேட்' என்றார்கள்.

போன மாதம் மருந்துக்கடைக்காரர் போனை நீட்டினார். ஆசிய ஆண் ஜோடிகள் தங்கள் படங்களைப் போடும் பக்கம் அது. "எல்லாம் சின்னப் பசங்க. நம்ம வயசுல ஒருத்தர்கூட இல்லை. போடலாமா?"

"எங்க அக்கா பாத்துட்டா?" என்றார் மெக்கானிக்.

"பாக்கட்டுமே."

பால்கனியில் துணி காயப்போடும்போது எடுத்த படத்தைப் போட்டார்கள். இரண்டு முகமும் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் காலையிலேயே அக்கா கூப்பிட்டாள். மெக்கானிக் தயங்கித் தயங்கிப் போனை எடுத்தார்.

"ஏன்டா, இத்தனை வருஷமா ரூம்மேட்டுன்னு எனக்குக் காது குத்தினியா?"

"அக்கா..."

"எனக்கு இதெல்லாம் புரியலைடா. கொஞ்ச நாள் ஆகும்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, போனை அவர்கிட்ட குடு. பிரஷர் மாத்திரை மாத்திக் குடுத்திருக்காங்க, அவரைக் கேக்கணும்."

மெக்கானிக் போனைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் பால்கனிக்குப் போய் வெகுநேரம் பேசினார். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சு மாத்திரையோடு நிற்கவில்லை போலிருக்கிறது.