பத்தியப் பாலும் என் பத்து விரலும்

பால் வெட்டுகிறவனுக்கு விரல்தான் சொத்து. எனக்கு அந்தச் சொத்து விடியற்காலையில் மட்டும் கைக்கு வராது.

மலாயாவில் ஸ்கூடாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் முந்நூறு ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்கிற ஆள் நான். என்னைவிட வேகமாக அங்கே எவனும் வெட்டியதில்லை. வெட்டியதாக யாராவது சொன்னால் அது பொய். அப்படிப்பட்டவன் முப்பது வயதில் ஒரு நாள் விழித்தபோது பத்து விரலும் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. கணுவெல்லாம் வீங்கி, தொட்டால் சுட்டது. ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் மெல்ல மெல்ல விரியும். ஆனால் மரம் ஒன்பது மணிவரை காத்திருக்காது. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும்.

விரியவும் மடங்கவும் வராத விரலால் உளியைப் பிடித்தால் பட்டையைச் சீவ வராது, குத்தத்தான் வரும். மரத்தில் காயம் விழும். கங்காணி பார்த்துவிட்டார்.

"என்னடா இது, வெட்டச் சொன்னா கொத்தி வச்சிருக்க? மரங்கொத்தியா நீ?"

"கை கொஞ்சம் புடிச்சிக்கிச்சுங்கய்யா."

"கை புடிச்சிக்கிச்சுன்னா வீட்ல போயி ஒக்காரு. எம் மரத்தக் கெடுக்காத."

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எனக்கு ஒரு முழ நிலம் கிடையாது. போனால் நானும் என் மனைவியும் பிச்சைதான். அவளும் பால் வெட்டுகிறவள். பக்கத்து நிரை அவளுடையது. தன் மரங்களை முடித்துவிட்டு ஓடிவந்து என் மரங்களிலும் பாதியை வெட்டுவாள். எத்தனை நாளைக்கு?

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒரு தைலம் கொடுத்தார். வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு எங்கள் லயத்தில், நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையில், பச்சிலை தெரிந்த ஒருவரிடம் போனேன். கையைப் புரட்டிப் பார்த்து, தினமும் தின்ன ஒரு பச்சிலையைக் கொடுத்தார்.

"வாதம். புளி, கருவாடு, கத்திரிக்கா, கள்ளு நாலையும் விட்ரு. நாஞ் சொல்ற வரைக்கும் பாலுஞ் சோறுந்தான்."

நம் ஆட்களுக்குப் பத்தியம் என்றால் பாலும் சோறும்தான். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்களிடம் ஒரு கறவை மாடும் இருந்தது. தோட்டத்துச் சாலையோரப் புல்லைத் தின்று செழித்த மாடு. நான் பத்தியம் காத்தேன் பாருங்கள், அப்படி ஒருவன் காக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கூட்டாளிகள், "அலமாக், இவன் சாமியாராப் போயிட்டான்லா!" என்று சிரித்தார்கள். மூன்று வேளையும் பாலும் சோறும். மூன்று மாதம். கை இன்னும் மோசமானது.

அப்போது மாடு சினை முற்றிப் பால் வற்றிவிட்டது. டின் பால் எனக்குக் குமட்டும். வேறு வழியில்லாமல் சோற்றுக்கு முருங்கைக்கீரைச் சாறு, புளியில்லாத மிளகு ரசம், பொந்தியான் கடற்கரையிலிருந்து சைக்கிளில் வருகிற பச்சை மீன் என்று ஓடியது. மூன்றாவது வாரம் விரல் விரியத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. பச்சிலையும் என் வைராக்கியமும்தான் வென்றன என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழங்கால் வலி என்று எவன் வந்தாலும் பத்தியம் சொல்லி அனுப்பினேன். கங்காணிகூட, கை கெட்டபோது குறைத்திருந்த என் நிரையை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாடு கன்று ஈன்றது. முதல் சீம்பாலைக் காய்ச்சி, குலா மலாக்கா வெல்லம் போட்டு, ஏலம் தட்டிப் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். நான் மட்டும் மூன்று தட்டு தின்றேன். மறுநாளும் தின்றேன். மூன்றாம் நாள் காலை வேட்டி முடிச்சைக்கூட என்னால் போட முடியவில்லை. என் மனைவிதான் கட்டிவிட்டாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். பேர் கூப்பிட்டு முடித்த கங்காணி என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாத்துக்குங்க, சாமியாரு கைய. தம்பி, மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் உம் பேரு கப்பல் லிஸ்ட்டுல."

அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் அவள் பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"மாடு வத்திக் கெடந்தப்ப ஒங்க கை நல்லாத்தான இருந்திச்சு?"

"அது பச்சில வேலை."

"பச்சிலைய இப்பவுந்தான் திங்கிறீங்க. புதுசா வந்தது கன்னுக்குட்டியும் பாலும். கன்னுக்குட்டிய நீங்க திங்கல."

"ஏ புள்ள, பாலு அமுதம். அது போயி ஆள முடக்குமா?"

"அமுதத்த நா குடிச்சிக்கிறேன். நீங்க ரசத்தக் குடிங்க."

மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் விட்டேன். ஆறாம் நாள் நடுவிரல் கொஞ்சம் இளகியது. சந்தோஷத்தில் அன்று வெயிலுக்கு இதமாக ஒரு செம்பு மோர் குடித்துவிட்டேன். மோர் பாலில்லையே, கடைந்து எடுத்த தண்ணீர்தானே என்று நினைத்தேன். இரண்டு நாளில் கை திரும்ப இறுகியது. அவள் மோர்ப்பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தாள்.

"அமுதத்தோட தங்கச்சி மட்டும் சும்மா இருப்பாளா?"

பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவன் நான். எழுத்துக்கூட்டி எழுதக் கற்றதே பின்னால்தான். கணக்கு வைக்க லயத்துத் தூணில் உளியால் கோடு போட்டேன். கை விரிந்த நாளுக்குச் சின்னக் கோடு, விரியாத நாளுக்குப் பெரிய கோடு. பெரிய கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. புளியும் கத்திரிக்காயும் திரும்ப இலைக்கு வந்தன; பெரிய கோடு கூடவில்லை. அந்தப் பாவிகளைச் சும்மா ஒதுக்கி வைத்திருந்தேன். எல்லாரையும் சேர்த்துக் கட்டி வைத்தால் திருடன் யாரென்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் பாலைக் கொட்டிவிடாதீர்கள். மேல் லயத்து அம்மாள் ஒருத்தி ஒரு வருஷம் பாலை விட்டுப் பார்த்தாள். அவள் முட்டி அப்படியேதான் இருந்தது. பால் என் உடம்புக்குத் திருடன், அவ்வளவுதான். பாலை விட்டதால் என் நோயும் ஒழிந்துவிடவில்லை. மழைக்காலத்தில் வரும், நாலு நாள் இருக்கும், போகும். இடது சுண்டுவிரல் வளைந்தது வளைந்ததுதான். ஆனால் நோய் என்னை மேய்த்த காலம் போய், நான் அதை மேய்க்கிறேன். பின்னாளில் இருபது மாடு வைத்து ஸ்கூடாயில் பால் விற்றவன் நான். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

அந்த மாதக் கடைசிக்கு வருகிறேன். அன்று கங்காணி எனக்கு முன்னமே நிரையில் வந்து நின்றார். இருட்டு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் தன் மரத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை. உளியை வைத்து இழுத்தேன். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. வெள்ளையாகப் பால் ஊறி, வடிந்து, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கோப்பையில் சொட்டியது. அடுத்த மரம். அதற்கடுத்த மரம். கங்காணி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பதாவது மரத்தில் நின்றுவிட்டார்.

"காயம் இல்ல."

"இருக்காதுங்கய்யா."

"எந்த வைத்தியண்டா?"

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து நிரையிலிருந்து பதில் வந்தது.

"எங்க மாடுங்கய்யா!"

கங்காணிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்தார். மடியிலிருந்த கப்பல் லிஸ்ட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஒரு பேரின் மேல் கோடு கிழித்தார். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. ஆனால் அது யார் பேர் என்று தெரிந்தது. முப்பத்தோராவது மரத்துக்கு நடந்தேன்.