குற்றாலம் போய் வாங்கிய நாலடித் தலையணை

போன ஜூலையில், சாரல் தொடங்கிய பிறகு, நானும் என் கணவர் சேகரும் குற்றாலம் போனோம். அவர் ஜகார்த்தா பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்கிறார். அப்போது விடுமுறையில் வந்திருந்தார். ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, தாம்பரத்திலேயே இருந்துவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். வீட்டில் பேச்சு ஓடவில்லை. அருவியில் நனைந்தால் ஓடும் என்று நான்தான் டிக்கெட் போட்டேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலை எட்டு மணி வாக்கில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்தோம். ஐந்தருவி சாலையில் அறை, நாளுக்கு 1,800. ஜன்னலைத் திறந்தால் மலை. ஆனால் மறுநாள் காலையில் சேகர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"கட்டிக்க ஒண்ணும் இல்லாம தூக்கமே வரல" என்றார்.

(யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே நான் இருந்தேன்!) அவர் சொன்னது 'குலிங்' என்கிற நீளத் தலையணையை. இந்தோனேசியாவில் கையையும் காலையும் அதன்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவார்களாம். வங்காளிகளின் 'கோல்பாலிஷ்' கிட்டத்தட்ட அதேதான். கொரியாவில் வெயில் காலத்துக்கு மூங்கிலில் பின்னிய நீளக் கூடை உண்டு; காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். அப்பா கட்டிக்கொண்டு தூங்கியதை மகன் தொடக்கூடாது என்றுகூட அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம். பிரெஞ்சுக்காரர்களோ கட்டிலின் குறுக்கே ஒரே நீளத் தலையணையைப் போட்டு இருவருமாகத் தலை வைப்பார்கள். நம் ஊர்த் திண்டு கல்யாண வீட்டில் பெரியவர்கள் சாய்ந்துகொள்ள மட்டும்தான்.

அன்றே தென்காசிக்கு வந்து, கோயில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு மெத்தைக்கடையைக் கண்டுபிடித்தோம். நாலடி நீளம், இலவம்பஞ்சு, 900 ரூபாய். சேகர் டீ குடிக்கப் போய்விட்டார். கடையைப் பார்த்துக்கொள்ளும் ரைஹானா பஞ்சை உறைக்குள் திணித்தபடியே கேட்டார்:

"யாருக்குக்கா, மாசமா இருக்கவங்களுக்கா?"

"இல்ல, எங்க வீட்டுக்காரருக்கு. வெளிநாட்டுல பழகிட்டாரு."

"எங்க வீட்டு ஆளு சவுதில இருக்காவ. அவுக படுக்குத பக்கம் நானும் இதுல ஒண்ணு போட்டிருக்கேன். இல்லாட்டா கட்டிலு வெறிச்சுனு கெடக்குது."

"அவர் லீவுல வந்தா?"

"மொத ரெண்டு மூணு நாளு நடுவுல கெடக்கும். வெக்கமா இருக்கும்லா? பொறவு நானே தூக்கி அலமாரி மேல போட்டிருவேன். அவுகளா எடுக்கட்டும்னு இருந்தா லீவு முடிஞ்சி போயிரும்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் சாப்பிட்டதும் சேகர் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தார். அவர் முகத்தில் அத்தனை அமைதியைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணை மூடுமுன், "உனக்கு இடம் பத்துதா?" என்றார். "பத்துது" என்றேன். பத்தவில்லை. சுவரோரம் ஒண்டிக்கொண்டு, நடுவில் கிடந்த தலையணைக்கு மேலாக அவர் முகத்தை எட்டிப் பார்த்தபடி கிடந்தேன். எடுத்து அந்தப் பக்கம் போடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். இவ்வளவு நாள் கழித்து நிம்மதியாகத் தூங்குகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஐந்தருவி. "இப்பமே போயிருங்கக்கா, மத்தியானம் ஆச்சுன்னா கூட்டம் ஏறிரும்" என்று ஆட்டோக்காரர் சொன்னது சரிதான். காலை ஏழு மணிக்கே தண்ணீர் கொட்டியது, கூட்டம் குறைவு. ஆனால் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நனைந்துகொண்டே பேசலாம் என்ற என் திட்டம் அத்தோடு போயிற்று. தலை துவட்டிக்கொண்டு கடையில் சுக்குக் காப்பி குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"அங்கேயே தொடரலாமானு யோசிக்கிறேன். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்" என்றேன். அவர் சுதந்திரமாக முடிவெடுக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் வாயால் 'இருந்துடறேன்' என்று வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். "சரி" என்றார். செப்டம்பரில் கிளம்பிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இலவம்பஞ்சுத் தலையணை வாங்கினால் பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்குங்கள், சாரலில் நனைந்தால் பஞ்சு கட்டி தட்டிவிடும். ரயிலில் கொண்டுவருவதில் சிரமமில்லை. விமானத்தில் கொண்டுபோவது வீண் வேலை என்று சேகர் அதை விட்டுவிட்டுப் போனார். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் பேச வேண்டியதை அங்கேயே பேசிவிடுங்கள்.

போன வாரம் போனில் பேசும்போது, எதற்கோ குற்றாலப் பேச்சு வந்தது. "அன்னிக்கு நீ ஒரு வார்த்தை, போகாதீங்கன்னு சொல்லுவேனு நெனச்சேன்" என்றார்.

"போகாதீங்க" என்றேன்.

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டாச்சேம்மா" என்றார்.